1098ஐ அழைத்த பிறகு: ஒரு துணை நபரின் மதிப்புரை

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள் என்று பள்ளிச் சுவர், பஸ் ஸ்டாண்டு, அங்கன்வாடிக் கதவு என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அழைத்த பிறகு யார் வருவார்கள், பிள்ளையை எங்கே கூட்டிப்போவார்கள், எது ஒழுங்காக நடக்கும், எது இழுத்தடிக்கும் என்று எங்கேயும் எழுதவில்லை. மிக்சிக்கும் பிரியாணிக் கடைக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை போடுகிறோமே, இதற்கும் ஒன்று கிடக்கட்டும்.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஒரு மாவட்டத்தில் துணை நபராக இருக்கிறேன். போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில் பாதிக்கப்பட்ட பிள்ளையோடும் குடும்பத்தோடும் ஆரம்பத்திலிருந்து தீர்ப்பு வரை கூடவே இருப்பதுதான் வேலை. குழந்தைகள் நலக் குழு நியமிக்கும். எந்த மாவட்டம் என்று சொல்லப்போவதில்லை. கீழே வருகிற பிள்ளைகளின் வயது, உறவு, ஊர் எல்லாம் மாற்றி எழுதியவை. பிள்ளையின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. சொல்லாவிட்டாலும் இப்படித்தான் எழுதுவேன்.

முதலில் அந்த எண். 1996ல் மும்பையில், டாடா சமூக அறிவியல் கழகத்தில் இருந்தபடி ஜெரூ பில்லிமோரியா என்ற பெண்மணி தெருவோரப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பல ஆண்டுகள் சைல்டுலைன் இந்தியா அறக்கட்டளையும் ஊர் ஊராகத் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தின. 2023லிருந்து குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் அரசே எடுத்து நடத்துகிறது, 112 அவசர எண்ணோடும் இணைத்திருக்கிறார்கள். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. கூப்பிடுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பெயர் வெளியே வந்துவிடுமோ என்று பயந்துதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசாமல் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எடுக்கிறவர் நீட்டி முழக்கிக் கதை கேட்க மாட்டார். பிள்ளைக்கு என்ன வயது, இப்போது எங்கே இருக்கிறது, சந்தேகப்படுகிற ஆள் அதே வீட்டிலா இருக்கிறான், இன்று ராத்திரி பிள்ளை யாரோடு படுக்கும்? இவ்வளவுதான். அந்தக் கடைசிக் கேள்வியை முதல் அழைப்பிலேயே கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. நட்சத்திரம் போடச் சொன்னால் இந்த எண்ணுக்கு ஐந்தில் நாலு போடுவேன்.

சரி, எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அனைத்து மகளிர் காவல் நிலையம், அரசு மருத்துவமனை, வாக்குமூலம் வாங்குகிற மாஜிஸ்திரேட், போக்சோ சிறப்பு நீதிமன்றம், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, அப்புறம் பள்ளிக்கூடம். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் அவ்வளவு மோசமில்லை. நல்ல மனுஷர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிற இடத்தில்தான் கெட்டுப்போகிறது. ரேஷன் கார்டை ஒவ்வொரு கவுண்டரிலும் நீட்டுகிற மாதிரி, பிள்ளை தனக்கு நடந்ததை ஒவ்வொரு மேஜையிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. "என்னம்மா நடந்துச்சு, பயப்படாம சொல்லு" என்று எல்லோரும் அன்பாகத்தான் கேட்கிறார்கள். கேட்கிறவருக்கு அது முதல் தடவை.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில் நகரில் அரசு வழக்கறிஞராக இருந்த பட் கிரேமர் இதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் 1985ல் ஒரு சாதாரண வீட்டில் போலீஸ், டாக்டர், சமூகப் பணியாளர் எல்லோரையும் பிள்ளையைத் தேடி வர வைத்தார். ஐஸ்லாந்தில் 1998ல் அதையே ஒரே கூரைக்குள் அரசு அமைப்பாக்கினார்கள். அவ்வளவு தூரம் போவானேன், ஹைதராபாத்தில் 2016லிருந்து பரோசா மையம் இருக்கிறது. புகார், மருத்துவம், கவுன்சிலிங், சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில். நம்மிடம் மாவட்டத்துக்கு மாவட்டம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் என் அனுபவத்தில் பிள்ளைதான் இன்னும் அலுவலகம் அலுவலகமாக நடக்கிறது.

குழந்தைகள் நலக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஜனங்களுக்கு இதுதான் அதிகம் தெரியாது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு, ஆனால் கோர்ட் மாதிரி உயரமான மேடை போட்டு உட்காரக் கூடாது. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இவர்களுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் அதே வீட்டில் இருந்தால், பிள்ளையை அங்கேயே விடலாமா, வேறு இடத்தில் வைக்கலாமா என்று மூன்று நாளில் இவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

நான் போய்வருகிற குழுவின் அறையில் மூலையில் ஒரு பெரிய ஒட்டகச்சிவிங்கி பொம்மை நிற்கிறது. யாரோ நன்கொடை கொடுத்தது. அழுக்காகிவிடும் என்று மேலே சுற்றின பாலிதீனைப் பிரிக்காமலே வைத்திருந்தார்கள். ஒரு சின்னப் பையன், இரண்டாம் வகுப்பு, வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. பாலிதீன் மேலேயே விரலால் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தான். தலைவர் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "கிழிச்சுடு தம்பி, மூச்சு முட்டுது பாரு அதுக்கு" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து கிழித்தார்கள். பத்து நிமிஷம் சேவல், பள்ளிக்கூட முட்டை, எந்த டீச்சர் நல்லவர் என்று பேச்சு போனது. அப்புறம் சாதாரணமாக, "இன்னிக்கு ராத்திரி யாருகிட்ட படுத்துக்குவே?" என்று கேட்டார். "ஆயாகிட்ட. அந்த ஊர்ல கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கு" என்றான். அவ்வளவுதான், நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை அவனிடம் கேட்கவில்லை. போலீஸ் எழுதி வாங்கியதை முன்னாடியே படித்துவிட்டு வந்திருந்தார். அன்று சாயங்காலமே ஆயா வீட்டுக்கு உத்தரவு போட்டார்கள்.

பையன் என்றதும் சிலர் நெற்றியைச் சுருக்குவார்கள். போக்சோவில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, 18 வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும் ஒன்றுதான். 2007ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில் ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் பையன்கள்தான். பொம்பளைப் பிள்ளை சமாச்சாரம் என்று இன்னமும் நினைக்கிற அப்பாக்கள் இதைப் படித்தால் நல்லது.

போலீஸ் பகுதி ஆளைப் பொறுத்தது. சட்டப்படி பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோ, கூடுமானவரை பெண் எஸ்.ஐ. வந்து, யூனிஃபார்ம் இல்லாமல் வாக்குமூலம் வாங்க வேண்டும். அப்படி வந்த ஒரு எஸ்.ஐ. அம்மாவைப் பார்த்திருக்கிறேன். சுடிதாரில் ஸ்கூட்டியில் வந்தார், வாசலில் நின்ற கிழவியிடம் "சீட்டு விஷயமா வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தெருவில் ஒருத்தருக்கும் விஷயம் தெரியவில்லை. இன்னொரு ஊரில் சம்மன் கொடுக்க ஜீப்பில், முழு யூனிஃபார்மில் வந்து நின்றார்கள். பெயரை மறைக்க நாங்கள் பட்ட பாடெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் போனது. வேறொரு நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்பதற்கு மட்டுமான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து, "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம், போயிட்டு வாங்க" என்றார்கள். இந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு திருப்தியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். "இது எங்க லிமிட் இல்லை" என்பதும் செல்லாது, எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம்.

மருத்துவமனைக்கு வருவோம். என் கைப்பையில் போக்சோ விதிகளின் 6ஆவது விதி ஜெராக்ஸ் எப்போதும் இருக்கும். அவசரச் சிகிச்சைக்கு முன்னால் மாஜிஸ்திரேட் கடிதமோ வேறு காகிதமோ கேட்கக் கூடாது என்பது அதில் இருக்கிறது. சட்டத்தின் 27ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே: எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம், பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். ஒரு இரவு ஒரு ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியில் "போலீஸ் மெமோ இல்லாம தொட மாட்டோம்" என்று நின்றார்கள். ஜெராக்ஸை நீட்டினேன். டூட்டி டாக்டர் படித்தார், நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ.வுக்கு போன் போட்டார், ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது, அந்தப் பெண் டாக்டர் அவ்வளவு பொறுமை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். மெமோவுக்காக அலைய அங்கே நேரமில்லை.

நான் ஒருங்கிணைப்பு என்று நம்புவது கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற காலாண்டுக் கூட்டத்தை இல்லை. அதில் டீயும் கேக்கும் பவர்பாயிண்டும் நன்றாகவே இருக்கும், குறை சொல்லவில்லை. நான் நம்புவது ஒரே ஒரு தாளை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள்: எஃப்.ஐ.ஆர். எண், எஸ்.ஐ. போன், டாக்டர் பெயர், வாக்குமூலம் வாங்கிய தேதி, சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல், வகுப்பாசிரியை, அடுத்து எங்கே, எப்போது. புது மேஜைக்குப் போகும்போது பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டு, தாளோடு நான் உள்ளே போவேன். "இதெல்லாம் ஏற்கெனவே பதிவாயிடுச்சு சார், உங்களுக்கு என்ன புதுசா வேணும்?" என்று கேட்பேன். பாதி நேரம் புதிதாக ஒன்றும் வேண்டியிருக்காது. ஒரு வாட்ஸ்ஆப் குழு ஆரம்பிக்கலாமே டீச்சர் என்றார்கள். வேண்டாம் என்றேன். பிள்ளையின் பெயர் எந்த ஃபார்வர்டில் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்.

ஊர் மட்டத்தில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உண்டு, ஊராட்சித் தலைவர் தலைமையில். பல இடங்களில் அது தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தாக மட்டுமே இருக்கிறது. ஊரில் நிஜமாகக் கண் வைத்திருப்பது அங்கன்வாடிப் பணியாளரும், கிராம சுகாதார செவிலியரும், சத்துணவு அமைப்பாளரும்தான். பிள்ளை சாப்பிடாமல் தட்டை மூடுவதை முதலில் பார்ப்பது அவர்கள். அதே ஊரில்தான் "பெரியவங்க பேசி முடிச்சுக்கலாம்" என்பவர்களும் இருக்கிறார்கள். பேசி முடிக்க இதில் ஒன்றும் இல்லை. சமாதானமாகிவிட்டது என்று காட்டி வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது போக்சோவில் தனிக் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. பள்ளி, விடுதி மாதிரி நிறுவனத்துக்குப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை. பள்ளிக்கூடத்தின் மானம் போய்விடும் என்று என்னிடமே ஒரு தாளாளர் பேசியிருக்கிறார். நானும் தலைமையாசிரியையாக இருந்தவள்தான் சார் என்று சொல்லிவிட்டு, அந்தப் பிரிவைப் படித்துக் காட்டினேன்.

நீதிமன்றம் பற்றி என் புகார் முழுக்கக் காத்திருப்பது பற்றித்தான். உள்ளே போய்விட்டால் நிலைமை பரவாயில்லை. அறையை மூடிவிட்டு நடத்துகிறார்கள், குற்றம் சாட்டப்பட்டவன் பிள்ளையின் கண்ணில் படாமல் திரை போடுகிறார்கள், வக்கீல் கேள்வியை நீதிபதி வழியாகத்தான் கேட்க முடியும். ஒரு நீதிபதி பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, தானும் குடித்துக் காட்டினார். ஆனால் வராந்தா? அதே பெஞ்சில் அவனுடைய சித்தப்பாவும் அத்தையும் உட்கார்ந்திருப்பார்கள். காலை பத்தரைக்கு வந்து, மத்தியானம் வரை காத்திருந்து, கடைசியில் வாய்தா. சாட்சியத்தை 30 நாளிலும் வழக்கைக் கூடுமானவரை ஒரு வருஷத்திலும் முடிக்க வேண்டும் என்று சட்டத்தின் 35ஆவது பிரிவு சொல்கிறது. ஆறாம் வகுப்பில் சொன்னதை ஒன்பதாம் வகுப்பில் ஞாபகப்படுத்திச் சொல்லச் சொன்னால், மறக்க நினைக்கிற பிள்ளை என்ன செய்யும்? எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்குத் தனி வாக்குமூல மையம் அமைக்கும்படி 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் உத்தரவிட்டது. அது வந்த இடங்களில் தனி வாசல், தனிக் காத்திருப்பு அறை இருக்கிறது. வராத இடத்தில் நான் செய்வது: சாட்சியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அனுமதி வாங்கிப் பிள்ளையைக் காலி நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவேன். யார் எங்கே உட்காருவார், ஃபேன் சுவிட்ச் எங்கே, பாத்ரூம் எந்தப் பக்கம் எல்லாம் காட்டுவேன். ஒரு பெண் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா டீச்சர்" என்றாள்.

பணத்தைப் பற்றிப் பேச நம் ஆட்களுக்கு வெட்கம். வெட்கப்படாதீர்கள். சம்பாதிக்கிற ஆளே குற்றவாளியாக இருந்தால் அடுத்த நாள் அடுப்பு எப்படி எரியும்? சாப்பாடு, துணி, போக்குவரத்துக்கு உடனடி உதவியைக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரைத்த ஒரு வாரத்துக்குள் அது கைக்கு வர வேண்டும் என்பது விதி. வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீடு கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போடலாம், தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகுதி இருந்தால் மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவும் உண்டு. இதில் நான் பார்த்த பெரிய இடைஞ்சல் வங்கிக் கவுண்டர். பிள்ளை பெயரில் அம்மாவைக் காப்பாளராகப் போட்டுக் கணக்குத் தொடங்கப் போனால், ஒரு கிளையில் வரிசையில் எல்லோரும் நிற்கும்போது, "இது என்ன பணம்மா, எதுக்கு கோர்ட்லேருந்து வருது?" என்று சத்தமாகக் கேட்டார் ஒருவர். அதிலிருந்து நேராக மேலாளர் அறைக்குள் போய்விடுவது என்று வைத்திருக்கிறேன். ஆதாரில் அப்பா பெயர், முகவரி பிரச்சனைகளை முதல் மாதத்திலேயே சரிசெய்துவிடுங்கள். இழப்பீடு வருகிற நேரத்தில் போய் நின்றால் மாசக் கணக்கில் இழுக்கும்.

மிகவும் பலவீனமான இடம் மனநல ஆலோசனை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆலோசகருக்கு இருப்பது ஒரே ஒரு பணியிடம், மாவட்டம் முழுவதற்கும். முதல் வாரங்களில் எல்லோரும் சுற்றி இருப்பார்கள். பிள்ளை தூக்கத்தில் அலறுவது, படிப்பில் மந்தமாவது, எரிந்து விழுவதெல்லாம் சில சமயம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். அப்போது யாரும் இருக்க மாட்டார்கள். சென்னையில் 2004லிருந்து இதற்காகவே இயங்குகிற துளிர் மாதிரி அமைப்புகள் மாவட்டத்துக்கு ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பிள்ளைக்குச் சும்மா பேச வேண்டும் போலிருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநலத்துக்கான 14416 இரண்டும் தமிழில் எடுக்கின்றன. நேரில் உட்கார்ந்து பேச ஒருவர் இருப்பதற்கு அவை ஈடாகாது, ஆனால் ஒன்றுமில்லாததற்கு மேல்.

ஆகவே யாராவது என்னிடம் "எந்தச் சேவையை முதலில் கேட்க வேண்டும்" என்றால், துணை நபரைத்தான் சொல்வேன். என் வேலை என்பதால் சொல்லவில்லை. மேலே சொன்ன எல்லா மேஜைகளுக்கும் போகிற ஒரே ஆள் இவர்தான், மற்றவர்கள் எல்லாம் அவரவர் மேஜையில்தான் இருப்பார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் துணை நபர் நியமனத்தைப் பற்றி விரிவாகவே உத்தரவிட்டிருக்கிறது. அப்படியும் பல குடும்பங்களுக்கு இப்படி ஒருவர் உண்டு என்றே தெரியாது. பிடிக்கவில்லை என்றால் மாற்றச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. சில பிள்ளைகளுக்கு என்னைப் போன்ற டீச்சர் முகம் ஒத்துவராது, இளம் வயதுப் பெண் வேண்டும். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

வாயால் கேட்டால் "ஏற்பாடு பண்றோம்மா" என்று வரும். ஒரு வெள்ளைத் தாளில் குழந்தைகள் நலக் குழுத் தலைவருக்கு என்று எழுதி, எஃப்.ஐ.ஆர். எண்ணைப் போட்டு, துணை நபர் நியமிக்கும்படி இரண்டு வரி எழுதுங்கள். ஜெராக்ஸில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போடுகிறவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தால், அவர் வரும் வரை அங்கேயே உட்காருங்கள்.